பொய்ச் செய்தி கேட்ட இதயம்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

அந்த அம்மாவின் பேரன் சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுவதே அதுதான். பையன் வேலை முடிந்து மோட்டாரில் வரும்போது லோரி உரசி விழுந்தான், காறை எலும்பு முறிந்தது, அவ்வளவுதான். ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உறவினர் ஒருவர் அழுதுகொண்டே போட்ட குரல் பதிவில் "தம்பி போயிட்டான்" என்று வந்துவிட்டது. அதைக் கேட்டதும் பாட்டியின் நெஞ்சு அடைத்தது. இரண்டு மணி நேரம் கழித்துப் பையனே போனில் பேசினான், பாட்டியும் அழுதுகொண்டே பதில் சொன்னார். ஆனாலும் அன்று ராத்திரி அவர் இதயம் பாதி பலத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பழைய நிலைக்கு வர ஆறு வாரம் ஆனது.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். எம்.ஏ. என்பார்கள். வயதானவர்கள் இன்னும் எச்.ஏ. என்றோ, தோட்டத்துப் பழக்கத்தில் டிரெஸர் என்றோதான் கூப்பிடுகிறார்கள். அந்த அம்மாவிடமும் அவர் மகனிடமும் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில சின்ன விவரங்களை மாற்றியிருக்கிறேன், மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை.

வயது 64. லயத்து வீட்டில் பிறந்தவர். பதினாலு வயதில் அம்மாவோடு பால்மரம் வெட்டப் போனவர், ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபின் உதிரிப் பழம் பொறுக்கியவர். இப்போது டவுனுக்குப் பக்கத்துத் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், மகனோடு இருக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் 10 மில்லிகிராம், தினமும் தவறாமல். சர்க்கரை இல்லை, புகை இல்லை. மாதவிடாய் நின்று பதினாலு வருடம், இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது. ஒரு வருடத்துக்கு முன் கிளினிக்கில் எடுத்த ஈசிஜி சுத்தமாக இருந்தது. மகன் மருந்துப் புத்தகத்துக்குள் அதை மடித்து வைத்திருந்தார், அன்று ராத்திரி எங்களுக்கு அது பெரிய உதவி.

அன்று மாலை

மணி நாலரை இருக்கும், கோப்பி கலக்கிக்கொண்டிருந்தாராம். குரல் பதிவைக் கேட்டதும் கரண்டி கையிலிருந்து விழுந்தது. "காது ரெண்டும் அடைச்சுப் போச்சு தம்பி, அப்புறம் நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி" என்று என்னிடம் சொன்னார். வியர்வை, வாந்தி வருகிற மாதிரி, மூச்சு பாதியிலேயே நிற்கிற மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தண்ணீர் கொடுத்து, நெஞ்சில் கோடாலித் தைலம் தேய்த்தார்கள். ஆறு மணிக்கு ஒரு கிளினிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே கேஸ்ட்ரிக் என்று சொல்லி மிக்ஸர் மருந்தும் மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வயதான பெண், அழுது முகம் வீங்கியிருக்கிறது, வீட்டில் துக்கச் செய்தி, அதனால் படபடப்பு என்று நினைத்திருப்பார்கள். அந்த நினைப்பில் முழுத் தப்பு என்று சொல்ல மாட்டேன், படபடப்பு நிஜம்தான். ஆனால் ஈசிஜி எடுக்கவில்லை. அதிர்ச்சிக்குப் பிறகு நெஞ்சு வலி என்று ஒரு பெண் வந்தால், அதிர்ச்சி இருக்கிறது என்பதே ஈசிஜி எடுக்கக் காரணம், எடுக்காமல் விடக் காரணம் இல்லை. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஆறரைக்குப் பையன் போன் வந்தது. வீடே சிரித்தது, அழுதது. வலி மட்டும் போகவில்லை. 8.10க்கு எங்களிடம் வந்தார்.

ரத்த அழுத்தம் 122க்கு 78. நாடி 112. ஆக்ஸிஜன் 97 சதவீதம், நுரையீரல் சுத்தம். கை இரண்டும் ஜில்லென்று ஈரமாக இருந்தன. ஈசிஜியில் வி2 முதல் வி5 வரை எஸ்டி பகுதி 2 மில்லிமீட்டர் தூக்கியிருந்தது, மாரடைப்பில் வருகிற மாதிரி. மகன் மடித்து வைத்திருந்த பழைய தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், சந்தேகமே இல்லை, இது புதிது. இடது முன்பக்கத் தமனி அடைத்துவிட்டது என்றுதான் டாக்டரும் நானும் எடுத்துக்கொண்டோம். அப்படித்தான் எடுத்துக்கொள்ளவும் வேண்டும். ஆஸ்பிரின் 300 மெல்லக் கொடுத்தோம், குளோபிடோக்ரெல் 300 கொடுத்தோம். வலி குறையட்டும் என்று நாக்கின் அடியில் ஒரு ஜிடிஎன் மாத்திரை, ரத்த நாளங்களை விரிக்கும் நைட்ரோகிளிசரின், வைத்தேன்.

ஐந்து நிமிடத்தில் அழுத்தம் 86க்கு 50.

முகம் வெளுத்துவிட்டது. படுக்கையைச் சமமாக்கி, கால்களைத் தூக்கி வைத்து, உப்புநீர் 250 மில்லி ஓடவிட்டோம். பத்து நிமிடத்தில் 102க்கு 64 வந்தது. ஜிடிஎன் கொடுத்தால் அழுத்தம் கொஞ்சம் இறங்கும், எல்லாருக்கும் தெரியும். ஆனால் இவ்வளவு வேகமாகவா? வலது கீழறை அடிபட்டிருக்குமோ என்று வலப்பக்க ஈசிஜியும் எடுத்தோம், அதில் ஒன்றும் இல்லை. டாக்டர் மறுபடி நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து நெடுநேரம் கேட்டார், மார்பெலும்பின் இடது ஓரத்தில் ஒரு கரகரப்பான முணுமுணுப்பு, இதயம் சுருங்கும்போது மட்டும். பரிந்துரைக் கடிதத்தில் அதை அடிக்கோடிட்டு எழுதினார். அந்த ஒரு வரிதான் பிற்பாடு பெரிய வேலை செய்தது.

ஈப்போ கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் செய்ய முடியும் என்று அங்கிருந்து பதில் வந்ததால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து போடாமல் ஆம்புலன்ஸில் ஏற்றினோம். மூன்று மணி நேரத் தூரத்தில் இருந்திருந்தால் அந்த மருந்தைப் போட்டிருப்போம், அதுவும் சரியான முடிவாகத்தான் இருந்திருக்கும், ஏனென்றால் படுக்கை ஓரத்தில் நின்றுகொண்டு மாரடைப்பையும், பிற்பாடு ஈப்போவில் தெரியவந்த இவருடைய நோயையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

வண்டியில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "பேரன் நல்லா இருக்கான்ல, இனி பயப்படாதீங்கம்மா" என்றேன். "எனக்குத் தெரியுது தம்பி, அவன் நல்லாத்தான் இருக்கான். இந்த நெஞ்சுக்குத்தான் இன்னும் தெரியல" என்றார். இத்தனை வருட வேலையில் இதயத்தைப் பற்றி ஒரு நோயாளி இவ்வளவு துல்லியமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

கலயம்

ஈப்போவில் ஆஞ்சியோகிராம் செய்தார்கள். மூன்று தமனிகளும் திறந்திருந்தன, எங்கேயும் அடைப்பு இல்லை. அப்புறம் இடது கீழறைக்குள் சாயம் செலுத்தி, அது சுருங்குவதைப் படமெடுத்தார்கள். மேல் பாகம், அதாவது தமனி கிளம்பும் இடத்தை ஒட்டிய அடித்தளம், வெறி பிடித்த மாதிரி இறுக்கிச் சுருங்குகிறது. கீழே நுனி அசையவே இல்லை, பலூன் மாதிரி உப்பி நிற்கிறது. எக்கோவில், அதாவது இதயத்தின் ஒலியலைப் படத்தில், வெளியேற்ற விகிதம் 32 சதவீதம். கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்பு வெளியே தள்ளும் பங்கு அது, நல்ல இதயத்தில் 55க்கு மேல் இருக்கும். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ஏறியிருந்தது, ஆனால் இவ்வளவு தசை ஸ்தம்பித்துக் கிடக்கும்போது எதிர்பார்க்கிற அளவுக்கு இல்லை.

இதற்குப் பெயர் டாகோட்சுபோ. 1990ல் ஹிரோஷிமாவில் ஹிகாரு சாட்டோவும் அவர் குழுவும் வைத்த பெயர். ஜப்பான் மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கக் கடலில் இறக்கும் பானை அது, கழுத்து குறுகி, வயிறு உருண்டிருக்கும். அந்தப் பானையை நான் பார்த்ததில்லை. படத்தைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது கள்ளுக் கலயம்தான், தாத்தா காலத்துத் தோட்டத்துக் கள்ளுக்கடையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருப்பார்களாமே, அது. இனி கலயம் என்றே சொல்கிறேன்.

தமனியில் அடைப்பே இல்லை என்றால் தசையை அடித்துப் போட்டது எது? நரம்பு. இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

நரம்பு இதயத்துக்கு என்ன செய்கிறது

இதயம் துடிக்க நரம்பு தேவையில்லை. மாற்று இதயம் பொருத்தும்போது நரம்புகளை எல்லாம் வெட்டித்தான் எடுக்கிறார்கள், அப்படியும் அது துடிக்கிறது, ஓய்வில் நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை. வேகத்தைக் குறைக்கும் வேகஸ் நரம்பு என்ற கடிவாளம் இல்லாததால்தான் அந்த வேகம். ஆக, துடிப்பைத் தொடங்குவது இதயத்தின் சொந்த வேலை. எவ்வளவு வேகமாக, எவ்வளவு பலமாக என்று ஒவ்வொரு நொடியும் ஏற்றி இறக்குவதுதான் நரம்பின் வேலை. வேகத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், நாடி பிடித்தால் தெரிகிறது. பலத்தைப் பற்றிப் பேச்சே வருவதில்லை.

பலம் இரண்டு வழியில் கூடும். ஒன்று இழுவை. ரப்பர் வளையத்தை எவ்வளவு இழுக்கிறீர்களோ அவ்வளவு விசையோடு திரும்பும் இல்லையா, அதுபோல ரத்தம் நிறைய வந்து தசை நீண்டால் அடுத்த சுருக்கம் பலமாகும். ஃப்ராங்க், ஸ்டார்லிங் இருவர் பெயரால் சொல்லப்படும் விதி இது, நரம்பு வெட்டிய இதயத்திலும் வேலை செய்யும். இன்னொன்று, அதே அளவு இழுவையில், அதே ரப்பர், முன்பைவிடப் பலமாகத் திரும்புவது. சாதாரண ரப்பர் வளையத்தால் இது முடியாது, இதயத் தசையால் முடியும். இதைச் செய்ய வைப்பது பரிவு நரம்பு.

ஓய்வில் இடது கீழறை ஏறக்குறைய 120 மில்லி ரத்தத்தால் நிரம்பும், 70 மில்லியை வெளியே தள்ளும், 50 மில்லி உள்ளேயே மிச்சம் இருக்கும். பரிவு நரம்பு முடுக்கினால் அந்த மிச்சம் 10, 20 மில்லி வரைக்கும் குறையும், கலயத்தைக் கவிழ்த்து உதறுகிற மாதிரி. சுருங்கும் விசை இரண்டு மடங்கு வரை போகும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் இந்த நரம்பு மெல்ல வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது, அதை முழுக்க நிறுத்திவிட்டால் வேகமும் பலமும் 30 சதவீதம் வரை இறங்கிவிடும். அதாவது நாம் சாதாரணம் என்று நினைக்கிற நாடியே நரம்பு கொஞ்சம் அழுத்திக்கொண்டிருக்கிற நாடிதான்.

பாதை இப்படி. பயம், துக்கம் எல்லாம் மூளையின் அமிக்டலாவிலிருந்தும் ஹைபோதலாமஸிலிருந்தும் முகுளத்துக்கு இறங்குகிறது. அங்கிருந்து தண்டுவடம், மார்புப் பகுதியின் முதல் நாலைந்து கணுக்கள். அங்கே கிளம்பும் நரம்பு, முதுகெலும்பை ஒட்டி ஓடும் பரிவு நரம்புச் சங்கிலியில், முக்கியமாகக் கழுத்தடியில் இருக்கும் நட்சத்திர முடிச்சில் கைமாறி, இதயத் தசைக்குள் மணிமாலை மாதிரி படர்ந்து, அந்த மணிகளிலிருந்து நார்அட்ரினலினைக் கசியவிடுகிறது. இன்னொரு கிளை நேராக அட்ரினல் சுரப்பிக்குப் போகிறது, அது ரத்தத்தில் கொட்டுவதில் ஏறக்குறைய 80 சதவீதம் அட்ரினலின், மிச்சம் நார்அட்ரினலின். நரம்பு தருவது தெருக் குழாய்த் தண்ணீர் மாதிரி, அந்தந்த வீட்டுக்கு. சுரப்பி தருவது வெள்ளம், எல்லா வீட்டுக்குள்ளும் நுழையும். இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

செல்லுக்குள் நடப்பதெல்லாம் கால்சியத்தின் கதை. நார்அட்ரினலின், செல்லின் மேலிருந்து அதைப் பிடித்துக்கொள்ளும் பீட்டா 1 ஏற்பியில் உட்கார்ந்ததும், ஜிஎஸ் என்ற புரதம் வழியாக உள்ளே சைக்ளிக் ஏஎம்பி பெருகுகிறது, அது ஒரு நொதியை எழுப்பி மூன்று இடத்தில் வேலை வாங்குகிறது. செல்லின் கால்சியக் கதவு அகலத் திறக்கிறது. உள்ளே கால்சியத்தைச் சேமிக்கும் கிடங்கின் பம்ப்பை அமுக்கி வைத்திருக்கும் ஃபாஸ்ஃபோலாம்பன் என்ற புரதம் கையை எடுத்துவிடுகிறது, கிடங்கு வேகமாக நிறைகிறது, அடுத்த துடிப்புக்கு அள்ளிக் கொடுக்க நிறைய இருக்கிறது. ட்ரோபோனின் ஐ கால்சியத்தைச் சீக்கிரம் விட்டுவிடுகிறது. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், பலமாகச் சுருங்கச் சொல்கிற அதே நரம்பு வேகமாகத் தளரவும் சொல்கிறது. நிமிடத்துக்கு 150 துடிக்கும்போது சுருங்கியது சுருங்கியபடியே நின்றால் ரத்தம் எப்போது நிரம்பும்? தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் நல்ல மண்டோர் ஆளை வேலையில் முடுக்கினால் பசியாறும் நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்.

வேகஸ் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது துடிப்பு பிறக்கும் கணுவிலும் மேலறைகளிலும் நெருக்கமாகப் படர்ந்திருக்கிறது, கீழறைகளில் குறைவு. அதனால் வேகத்தை அது நிறையக் குறைக்கும், சுருங்கும் விசையை 20, 30 சதவீதம்தான் குறைக்கும்.

இவ்வளவையும் ஓட்டுவது அன்றாட வேலைக்காக. அந்த அம்மா முப்பது வருடம் குனிந்து ரப்பர் பால் பிடிக்கும் மங்கு எடுத்து நிமிர்ந்திருக்கிறார். ஒவ்வொரு நிமிர்விலும் ரத்தம் காலுக்கு இறங்கும், கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் இருக்கும் அழுத்த உணரிகள் ஒரு துடிப்பு, இரண்டு துடிப்புக்குள் முகுளத்துக்குச் சொல்லும், முகுளம் வேகஸை விலக்கிப் பரிவைக் கூட்டும், தலை சுற்றாமல் அடுத்த மரத்துக்கு நடப்பார். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை என்று எண்ணிப் பாருங்கள்.

நரம்பு ரசாயனத்தால்தான் இதயத்தோடு பேசுகிறது என்று 1921ல் காட்டியவர் ஓட்டோ லோவி. ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டி, அது ஊறிய திரவத்தை எடுத்து இன்னொரு தவளையின் இதயத்தில் விட்டார், இரண்டாவதும் மெதுவாகியது. இந்தச் சோதனை அவருக்குக் கனவில் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1936ல் நோபல் பரிசு. அட்ரினலின் வகை ரசாயனங்களுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை ஏற்பிகள் இருக்க வேண்டும் என்று ரேமண்ட் ஆல்குவிஸ்ட் எழுதியது 1948ல். எங்கள் ஊர்க்காரர்களுக்கு 1948 என்றால் வேறு ஞாபகம் வரும். ஜூன் 16ல் எல்பில் தோட்டத்திலும் பக்கத்திலும் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், மலாயாவில் அவசரகாலம் வந்தது. பயம் ஒரு ஊரையே பிடித்திருந்த அதே வருடத்தில், பயம் இதயத்தில் எந்தக் கதவைத் தட்டுகிறது என்று ஒருவர் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கதவை அடைக்கும் மருந்தை, ப்ரோப்ரனோலாலை, ஜேம்ஸ் பிளாக் 1960களில் உருவாக்கினார், 1988ல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வெள்ளம் வந்தால்

சரி, பலப்படுத்துகிற ரசாயனம் ஏன் பலவீனப்படுத்தியது?

2005ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த விட்ஸ்டீன் குழு 19 நோயாளிகளைப் பற்றி எழுதியது. திடீர் மன அதிர்ச்சிக்குப் பிறகு வந்தவர்கள், ஒருவரைத் தவிர எல்லாரும் பெண்கள். அவர்கள் ரத்தத்தில் அட்ரினலின் வகை ரசாயனங்கள், கடுமையான மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் இருப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக இருந்தன. அளவுக்கு மீறிய கால்சியம் செல்லையே முடக்குகிறது, நுண்ணிய ரத்தக் குழாய்களும் இறுகுகின்றன. இன்னொரு விளக்கமும் இருக்கிறது. இதயத்தின் நுனியில் நரம்பு முனைகள் குறைவு, பீட்டா ஏற்பிகள் அதிகம். தெருக் குழாய் சரியாக எட்டாத வீடு, அதனால் வந்ததை எல்லாம் பிடிக்கப் பெரிய பெரிய பாத்திரமாக எடுத்து வைத்திருக்கிறது. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அந்த வீடுதான். அட்ரினலின் மிக அதிகமானால் பீட்டா 2 ஏற்பி ஜிஎஸ் புரதத்தை விட்டுவிட்டு ஜிஐ என்ற எதிர்ப் புரதத்தோடு சேர்கிறது, முடுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே அமுக்கத் தொடங்குகிறது. எலிகளில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். மனிதருக்கும் அப்படியேதான் என்று முடிவாகவில்லை, ஆனால் படத்தில் பார்த்ததோடு இது நன்றாகப் பொருந்துகிறது. நுனி தன்னைக் காத்துக்கொள்ள ஸ்தம்பிக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், செத்துவிடவில்லை. அதனால்தான் மீள்கிறது.

பேரன் பேசியபோது மூளை அமைதியானது. ரத்தத்தில் அட்ரினலின் சில நிமிடங்களில் கரைந்துவிடும் பொருள். ஆனால் வெள்ளம் வடிந்த வீடு அன்றைக்கே குடியிருக்க லாயக்காகிவிடுமா? "இந்த நெஞ்சுக்குத்தான் இன்னும் தெரியல" என்று அவர் சொன்னது இதைத்தான்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஏன் அதிகம் என்பதற்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதைக் காரணமாகச் சொல்கிறார்கள். 2015ல் வெளிவந்த பன்னாட்டுப் பதிவேட்டில் 1,750 நோயாளிகள் இருந்தார்கள், பத்தில் ஒன்பது பேர் பெண்கள், சராசரி வயது 66.8. அதிலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது, மன அதிர்ச்சியால் வந்தது 27.7 சதவீதம்தான். அறுவை சிகிச்சை, மூச்சு நோய், கிருமித் தொற்று, மூளையில் ரத்தக் கசிவு போன்ற உடல் காரணங்கள் 36 சதவீதம். 28.5 சதவீதத்தில் காரணமே பிடிபடவில்லை. ஆக இந்த நோய்க்குப் பலரும் சொல்லும் "உடைந்த இதயம்" என்ற பெயர் பாதி உண்மைதான். மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் ஆபத்து மாரடைப்புக்கு ஏறக்குறைய சமம் என்பதையும் அந்தப் பதிவேடு காட்டியது. மனக்கஷ்டம்தானே என்று தைலம் தேய்த்துப் படுக்க வைக்கிற விஷயம் இல்லை இது.

இரவு இரண்டு மணி

அந்த வார்டில் என் நண்பர் ஒருவர் வேலை செய்கிறார். மிச்சத்தை அவர் சொன்னதிலிருந்தும், வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த கடிதத்திலிருந்தும் எழுதுகிறேன்.

இரண்டு மணி வாக்கில் அழுத்தம் 84க்கு 52 ஆக இறங்கியது. நாடி 120. வெளியேற்ற விகிதம் 32, அழுத்தம் 84, இந்த இரண்டு எண்ணையும் பார்த்தால் யாருக்கும் கை டோபுடமினுக்குத்தான் போகும். இதயம் பலவீனம், பலப்படுத்தும் மருந்து கொடு. ஆனால் இருதய நிபுணர் எங்கள் கடிதத்தில் அடிக்கோடிட்ட முணுமுணுப்பைப் படித்திருந்தார். மருந்தைத் தொடங்கும் முன் எக்கோ வைத்துப் பார்த்தார். கலயத்தின் கழுத்தில் அடைப்பு.

அடித்தளம் அளவுக்கு மீறி இறுக்குவதால் ரத்தம் வெளியே போகும் வழி குறுகிவிடுகிறது. அந்த வழியில் ரத்தம் பீறிடும்போது மைட்ரல் வால்வின் முன் இதழும் உள்ளே இழுபட்டு வாசலை மறைக்கிறது. கீழறைக்கும் பெருந்தமனிக்கும் நடுவில் 46 மில்லிமீட்டர் அழுத்த வித்தியாசம். இதில் டோபுடமின் கொடுத்தால் என்ன ஆகும்? நுனி ஏற்கெனவே மூழ்கிக் கிடக்கிறது, அதற்கு மருந்து கேட்காது. கேட்பது அடித்தளத்துக்குத்தான், அது இன்னும் இறுக்கும், கழுத்து இன்னும் குறுகும், அழுத்தம் இன்னும் விழும். போதாததற்கு, வந்த நோயே அட்ரினலின் வெள்ளத்தால் வந்தது, அதன் மேல் இன்னொரு குடம்.

அவர் செய்தது நேர் எதிர். நுரையீரலைக் கேட்டுக் கேட்டு மெதுவாக 250 மில்லி உப்புநீர். அப்புறம் எஸ்மோலால், சில நிமிடங்களில் கரைந்துவிடுகிற பீட்டா தடுப்பு மருந்து, மிகக் குறைந்த வேகத்தில், கண்ணை மானிட்டரை விட்டு எடுக்காமல். இதயத்தின் பிடியைத் தளர்த்தும் மருந்தைக் கொடுத்து ரத்த அழுத்தத்தை ஏற்றுவது! நாடி 120லிருந்து 92க்கு வந்தது, கீழறை நிரம்ப நேரம் கிடைத்தது, கழுத்து திறந்தது. காலை ஐந்து மணிக்கு 106க்கு 66, அழுத்த வித்தியாசம் 15. நண்பர் இதைச் சொன்னபோது எனக்கு உடனே அந்த ஜிடிஎன் மாத்திரைதான் ஞாபகம் வந்தது. அது நாளங்களை விரித்து, இதயத்துக்கு வரும் ரத்தத்தைக் குறைத்து, கழுத்தை இன்னும் குறுகச் செய்திருக்கிறது. நான் வைத்த மாத்திரை. நெறிமுறைப்படிதான் வைத்தேன், மாரடைப்பாக இருந்திருந்தால் அது சரி. ஆனாலும் இப்போதெல்லாம் நெஞ்சு வலிக்கு ஜிடிஎன் வைக்கும் முன், அதிர்ச்சி ஏதாவது நடந்ததா என்று கேட்டு, முணுமுணுப்பு இருக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் வைக்கிறேன்.

கழுத்து அடைப்பு இல்லாமல் வெறும் பலவீனத்தால் அழுத்தம் விழும் டாகோட்சுபோ நோயாளிகளும் உண்டு, அவர்களுக்கு இந்த வழி ஆபத்து. எக்கோ இல்லாமல் இதை யாரும் செய்யக் கூடாது.

அடுத்த இரண்டு நாளில் ஈசிஜியில் எஸ்டி இறங்கி, டி அலைகள் ஆழமாகத் தலைகீழாயின. க்யூடி இடைவெளி, ஒரு துடிப்பின் மின்னோட்டம் தொடங்கி அடங்க எடுக்கும் நேரம், 510 மில்லிசெகண்டுக்கு நீண்டது. இதுவும் இந்த நோயின் குணம்தான், ஆபத்தான துடிப்பு ஒழுங்கின்மைக்கு இட்டுப் போகலாம். பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் பார்த்துச் சரிசெய்தார்கள், வாந்திக்கு வழக்கமாகப் போடும் ஒண்டான்செட்ரோனும் இந்த இடைவெளியை நீட்டும் என்பதால் அதைத் தவிர்த்தார்கள். அட்ரினல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி இருந்தாலும் இதே கோலம் வரும் என்பதால் 24 மணி நேரச் சிறுநீரைச் சோதித்தார்கள், கட்டிக்கான அடையாளம் இல்லை. ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தார், பைசோப்ரோலால் 1.25 மில்லிகிராம், பெரிண்டோப்ரில் 2 மில்லிகிராம். ஆம்லோடிபினை நிறுத்தியிருந்தார்கள். பீட்டா தடுப்பு மருந்து மறுபடி வராமல் தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது, பெரிண்டோப்ரில் வகைக்குக் கொஞ்சம் பரவாயில்லை. மறுபடி வரும் வாய்ப்பு வருடத்துக்கு நூறில் இரண்டு பேருக்கும் குறைவு. இதை மகனிடம் அப்படியே சொன்னேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஆறாவது வாரம்

எக்கோ எடுத்துவிட்டு எங்களிடம் அறிக்கையைக் காட்ட வந்தார். வெளியேற்ற விகிதம் 61. நுனி அழகாகச் சுருங்குகிறது. கலயம் போய் இதயம் வந்துவிட்டது. முணுமுணுப்பும் இல்லை.

கூட்டி வந்தது பேரன்தான், கை இன்னும் தூளியில். மோட்டாரில் இல்லை, கிராப் பிடித்து வந்தார்கள். நான் அழுத்தம் பார்க்கக் கைப்பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன், பையில் ஹேண்ட்போன் அடித்தது. பாட்டி அசையவில்லை, பேரன்தான் எடுத்துப் பார்த்தான். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தால் பாட்டி இப்போது கேட்பதில்லையாம், முதலில் அவன் கேட்டுவிட்டு விஷயத்தைச் சொல்வான். வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து எடுத்த முடிவு. "யாருப்பா" என்றார் பாட்டி, பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. "அத்தைதான், மீன் வாங்கவான்னு கேக்குறாங்க" என்றான்.

126க்கு 78. நாடி 66.